மீனாட்சியைச் சுமந்து வந்தவர்கள்

ஏதிலியாக வந்த மூதாதையைத் தேடும் ஆய்வுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவது பிரான்சின் சீர்திருத்தக் கிறித்தவர்களான ஹியூகனோக்களை. 1685இல் பதினான்காம் லூயி நாந்த் ஆணையை நீக்கியதும் அவர்களுள் பலர் இங்கிலாந்துக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் தப்பினர். அபொலோ ரிவ்வார் என்ற ஹியூகனோச் சிறுவன் பின்னர் பாஸ்டனுக்கு வந்து, ரெவியர் எனப் பெயரை மாற்றிக்கொண்டான்; ஆயினும் அவன் தடம் அழியவில்லை. திருச்சபைப் பதிவேடு, உயில், கப்பல் பட்டியல் என ஏடுகள் தொடர்கின்றன. தந்தைவழிக் குடும்பப் பெயரே அத்தேடலின் இழை.

இடுக்கி மலைகளில் அந்த இழை பயன்படாது. இங்கே மதுரையிலிருந்து தப்பி வந்தோம் என்று சொல்லும் மரபினர் பலர். அவர்களுள் இருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மலையடிவாரத்துப் பூஞ்சாறு அரச குடும்பத்தார் தம் முதல்வனை மானவிக்கிரம குலசேகர பாண்டியன் என்பர். மலைமேல் வாழும் முதுவரோ, பாண்டியனுக்கு நேர்ந்த போரின்போது போடிநாயக்கனூர் வழியாக ஏறிவந்தோம் என்பர். மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்ததால் முதுவர் ஆனோம் என்றும் சொல்வர். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலேயே இம்மதுரைக் கதை பதிவாகியுள்ளது. வேறு வடிவங்களில் அவர்களைத் துரத்தியது நாயக்கர் ஆட்சி. இன்னும் சிலவற்றில் கண்ணகி மூட்டிய தீ.

இவற்றுள் எது உண்மை என்று வாதிடுவதில் பயன் குறைவு. 1311இல் வந்த மாலிக் கபூரின் படை தொடங்கி, மதுரையைவிட்டு ஓடுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. காரணம் கதைக்குக் கதை மாறுகிறது. புறப்பட்ட ஊர் மாறுவதில்லை. பல தலைமுறைகளாகச் சிறுசிறு கூட்டங்களாக ஏறியவர்களின் நினைவு ஒரே பயணமாகச் சுருங்கியது எனக் கொள்வதே பொருந்தும். முதுகு, முதுவர் என்னும் சொல்விளக்கத்தை நான் நம்புவதில்லை. பெயர் முந்தியது, கதை பிந்தியது போலும்.

இரு மரபினரும் தாய்வழியினர் என்பதை ஆய்வாளர் எளிதில் மறந்துவிடுகின்றனர். குலசேகரன், மகன், பேரன் எனக் கோடிழுத்தால் பூஞ்சாற்றில் அது விரைவிலேயே அறுந்துவிடும். முதுவர் குழந்தைக்குக் கூட்டம் தாயிடமிருந்தே வருகிறது. களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் ஊர்த்தலைவரிடம் மட்டும் கதை கேட்டுத் திரும்புகின்றனர். மூதாட்டிகளிடம் கேட்க வேண்டியதை ஆடவரிடம் கேட்டால் என்ன கிடைக்கும்?

பூஞ்சாற்றிலும் மீனாட்சிக்குக் கோயில் உண்டு. தெய்வம் ஒன்றாயினும் இரு நினைவுகளுக்கும் கிடைத்த மதிப்பு ஒன்றன்று. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு கேரளவர்ம வலிய ராஜா, கண்ணன் தேவன் மலையில் ஏறத்தாழ 227 சதுர மைலை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய். ஆண்டுத் தொகை 3,000 ரூபாய். மதுரையிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு மரபு மலைக்கு உரிமையாளராகக் கையெழுத்திட்டபோது, அதே மதுரையைச் சொன்ன இன்னொரு மரபு அம்மலைச் சரிவுகளில் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்தது.

கண்ணன் தேவன் நிலங்களை மீட்கக் கேரள அரசு 1971இல் சட்டம் இயற்றியது. அவ்வழக்கில் 1972இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பூஞ்சாற்றுத் தலைவருக்கு இருந்த உரிமையின் தன்மையையும் ஆராய வேண்டியிருந்தது. முதுவர் வாழும் இடமலைக்குடி 2010இல்தான் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்குள்ள குடிகளில் கூட்ட வரலாறுகளைத் தாய், பாட்டி, பூட்டி என்ற வரிசையில் தொகுக்க முன்வரும் மாணவர் எவரேனும் இருப்பின், சொல்லத் தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே புறப்படுக.