வைக்கோல் மண்ணுக்குத் திரும்பாத கதை

இந்திய வேளாண்மையை ஆராய 1889இல் அனுப்பப்பட்ட ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கரின் அறிக்கை 1893இல் வெளியாயிற்று. உழவர் சாணத்தை எரிப்பது எருவின் அருமை தெரியாமையால் அன்று, விறகு கிடைக்காமையால் என்று அவர் அதில் எழுதினார். மண்ணுக்குரியது மண்ணைச் சேராமைக்கு அறியாமையைக் காரணமாகக் கொள்ளாத பார்வை அது.

அடுத்த தலைமுறையில் ஆல்பர்ட் ஹோவர்ட் செயல்முறை ஒன்றை வகுத்தார். 1924 முதல் 1931 வரை இந்தூர் ஆய்வு நிறுவனத்தில் பருத்திமார், இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிப் புரட்டி, ஏறத்தாழ 3 மாதங்களில் மட்கு எரு ஆக்கினார். யஷ்வந்த் வாத் என்பாருடன் அவர் எழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. அம்முறைக்கு மாடும் வேண்டும், ஆளும் வேண்டும்.

பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாபில் உழவு மாட்டின் இடத்தை டிராக்டரும், அறுவடை ஆளின் இடத்தை எந்திரமும் பிடித்தன. எந்திரம் கதிரை மட்டும் கொண்டுசென்று, அரிதாளையும் சிதறிய வைக்கோலையும் வயலிலேயே விட்டது. கோதுமை வைக்கோல் தீவனமாயிற்று; மணற்சத்து மிகுந்த நெல் வைக்கோலை அங்கு மாடுகளுக்கு இட விரும்புவாரில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளவே அறுவடையும் தள்ளிற்று. கோதுமை விதைப்புக்கு முன் எஞ்சியவை சில வாரங்களே. அவ்விடைவெளியில் வயலை விரைவாக ஒழிக்க உதவியது நெருப்பு.

எரிக்கையில் வைக்கோலின் கரிமம் ஏறக்குறைய முழுதும், தழைச்சத்தில் பெரும்பகுதியும் காற்றோடு போகின்றன. ஆயினும் மடக்கி உழுதால் அனைத்தும் மண்ணில் தங்கிவிடும் என்பதும் பிழை. நுண்ணுயிர்கள் வைக்கோலைத் தின்று, அதன் கரிமத்தில் பெரும்பங்கைக் கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. சிறுபங்கே மட்காக நிலைபெறும். நெல் வைக்கோலில் தழைச்சத்தைவிடக் கரிமம் சுமார் 60 முதல் 80 மடங்கு. மட்கிலோ 10 முதல் 12 மடங்கே. இக்குறையை நிரப்ப நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால், உடனே விதைத்த கோதுமை வெளிறும். ஹோவர்ட் சாணத்தைச் சேர்த்ததன் பொருளும் இதுவே.

பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் உருவாக்கிய ‘ஹாப்பி சீடர்’ எந்திரம், வைக்கோலை வெட்டி விலக்கிக் கோதுமையை விதைத்து, அவ்வைக்கோலையே மூடாக்காக மேலே பரப்புகிறது. வைக்கோல் மண்ணில் புதையாததால் தழைச்சத்து முடக்கம் குறைகிறது. கரிமமோ முதலில் மேல்மண்ணில் மட்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில், மெல்லவே ஏறும்.

எந்திர வாடகையும் டீசலும் இப்பருவத்துச் செலவு. மட்கு பல பருவங்களுக்குப் பின் வரும் வரவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது என்று கேளாமல் உழவரை மட்டும் குறைகூறுவோர், 1893இன் அறிக்கையை ஒருமுறை படித்தல் நலம்.