கண்ணாடியான உலோகம்

கல்முனைக் கரையின் வயல்களுக்குத் தாக்கத்தி அடிக்கும் கொல்லர், பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்க்கும் கணத்தில் மிகுந்த கவனங்கொள்வார். தோய்ச்சல் குறைந்தால் வாய் மழுங்கும். மிகுந்தால் கத்தி தெறித்துவிடும். சட்டெனக் குளிர்வித்தால் உலோகத்தின் குணமே மாறும் என்பது அவர் உலையடியிற் கற்ற பாடம். அப்பாடத்தை எவரும் எண்ணாத எல்லைவரை கொண்டு சென்றவர், பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிலே கலிபோர்ணியத் தொழினுட்பக் கழகத்திற் பணியாற்றிய போல் டுவே என்பவர்.

உருகிய உலோகம் ஆறும்போது அதன் அணுக்கள் வரிசையாய் அடுக்கப்பெற்றுப் பளிங்குகளாகின்றன. வரிசை பிடிக்க அவகாசமே கொடாது உறையச் செய்தால், திரவத்தின் ஒழுங்கின்மை அப்படியே திண்மமாகி நிற்கும். சன்னற் கண்ணாடியின் அமைப்பும் அதுவே. (உலோகக் கண்ணாடி ஊடுருவித் தெரியுமோ என நேயர்கள் வினவலாம். தெரியாது, அது உலோகம் போலவே மினுங்கும்.) டுவே குழுவினர், அணுக்கணக்கில் மூன்று பங்கு பொன்னும் ஒரு பங்கு சிலிக்கனும் சேர்ந்த உருகிய துளியைச் செப்புத் தகட்டின்மேல் வேகமாய் எறிந்தனர். செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை என்னும் வீதத்தில் அது குளிர்ந்தது. 1960இல் இச்செய்தி வெளியாயிற்று. வாய்த்ததோ மிக மெல்லிய தகட்டுத் துணுக்கு. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்தியாவிலே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டி. ஆர். அனந்தராமனும் அவர் மாணாக்கரும் இத்துறையை முனைந்து வளர்த்தனர். அவரும் சூரியநாராயணாவும் 1971இல் இவ்வழியின் முதற் பத்தாண்டை ஆராய்ந்து எழுதிய கட்டுரை பலராலும் எடுத்தாளப்பெற்றது. ஆயினும் துணுக்கையும் நாடாவையும் கொண்டு வலிமையை முழுமையாகச் சோதித்தல் எங்ஙனம்? மெதுவாய்க் குளிர்ந்தாலும் பளிங்காகாத கலவை வேண்டியிருந்தது. 1993இல் பீக்கர், ஜோன்சன் என்னும் இருவரும் சேர்க்கோனியம், தைத்தேனியம், செம்பு, நிக்கல், பெரிலியம் ஆகிய ஐந்தையும் கலந்து, செக்கனுக்குச் சில பாகை குளிர்ந்தாலே போதுமானதொன்றை ஆக்கினர். கட்டியாகவே வார்க்க முடிந்தது.

அதன் வலிமை வியப்பூட்டுவது. ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள கோல் ஏறக்குறைய 190 கிலோகிராம் சுமை தாங்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டும் பழைய அளவுக்கு மீளும். மெல்லுருக்கோ அதிற் பத்திலொரு பங்கு நீளுமுன்னரே நிலையாக உருமாறிவிடும்.

ஆனால், உருக்கு முறியுமுன் வளைந்து எச்சரிக்கை தரும். இதுவோ இழுவையில் பெரும்பாலும் எச்சரிக்கையின்றியே முறியும். பளிங்கினுள்ளே நழுவுதல் பல இடங்களிற் பரவி, உலோகம் மேலும் கடினப்படும். கண்ணாடியுலோகத்திலோ முழு நழுவலும், மில்லிமீற்றரில் இலட்சத்திலொரு பங்கே அகலமுள்ள பட்டையொன்றிற் குவிகிறது. அவ்விடம் இளகுவதால் அடுத்த நழுவலும் அங்கேயே நிகழ்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இராமமூர்த்தி, அமெரிக்க அறிஞர் இருவருடன் 2007இல் எழுதிய விரிவான ஆய்வுரை இந்நடத்தையைத் தெளிவாக்கிற்று. மென்பளிங்குக் கிளைகளைக் கண்ணாடியினுள்ளே வளர்த்துப் பட்டையை மறிக்கும் உபாயம் 2000இற் காணப்பட்டு, 2008இல் இழுவையிலும் பயன்தந்தது.

உடையுந்தன்மை மிகுந்த இரும்பைக் கொல்லர் மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பக்குவப்படுத்துவார். கண்ணாடியுலோகத்துக்கு அவ்வாறு சூடு காட்டினாலோ, அணுக்கள் இன்னும் நெருங்கி, முன்னினும் எளிதில் உடையும்.