தோல்வியை உரைத்த துணிவு

இருதய மாற்று என்றதும் நாம் நினைப்பது, 1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப்டவுனில் அதனை முதன்முதல் மனிதரிடம் நிகழ்த்திய டாக்டர் பர்னார்டை. மூன்றே நாள் கழித்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அதே அருஞ்செயலில் முனைந்த டாக்டர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸை நம்மில் பலர் அறியோம்.

பல்லாண்டுகள் நாய்களிடம் சோதனை செய்து தேர்ந்தவர் அவர். எனினும், அவர் மாற்று இருதயம் பொருத்திய பச்சிளங்குழந்தை சில மணி நேரமே உயிர் வாழ்ந்தது. பத்திரிகையாளர் முன் நின்று, இது தோல்வியே என்று அவர் ஒளியாது உரைத்தார்.

அதே ஆண்டில் அவர் புரிந்த மற்றொரு பணியே நிலைத்தது. தமையனாரான இயற்பியல் அறிஞர் ஆர்தருடன் 1950களிலேயே ஆராய்ந்த கருத்து அது. தொடைத் தமனி வழியே மகாதமனிக்குள் சிறு பலூன் ஒன்று செலுத்தப்படும். இருதயம் விரியும்போது பலூன் உப்பி, இருதயத் தசைக்குக் குருதியை உந்தும். சுருங்கும்போது தானும் ஒடுங்கி, அதன் சுமையைக் குறைக்கும். 1967இல் இக்கருவியைப் பெற்ற முதல் நோயாளி பிழைத்தார். பின்னர் அது உலகெங்கும் பரவியது.

கான்ட்ரோவிட்ஸ் 2008இல் மறைந்தார். மாரடைப்பால் குருதியோட்டம் தளர்ந்தோரில் 600 பேரை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர்கள், பலூனால் முதல் மாத மரணம் குறையவில்லை என்று 2012இல் அறிவித்தனர். அதன் பின் அவ்வகை நோயாளரிடம் அதன் பயன்பாடு சுருங்கியது. தம் தோல்வியைத் தாமே உரைத்த அப்பெரியார் இருந்திருப்பின், இம்முடிவையும் செவிமடுத்திருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம். மெய்யை மறையாமையே ஆராய்ச்சியின் உயிர்நாடி.