ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு

ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு என்பது 1946-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலண்டன் சிம்பொனி இசைக்குழு ஆகும். ஏலமலை அடிவாரத்தில் பிறந்த இளையராஜாவின் சிம்பொனியை இசைத்ததன் மூலம் தமிழர்களிடையே அறியப்பட்டது.

தோற்றம்

இதன் நிறுவனர் இசை நடத்துநர் சர் தாமஸ் பீச்சம். இவர் 1932-இல் நிறுவிய இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு, போர்க்காலத்தில் கலைஞர்களே நிர்வகிக்கும் அமைப்பாக மாறியது. அதில் ஊதியம் பெறுபவராகப் பணியாற்ற விரும்பாத பீச்சம், தம் பொறுப்பில் புதிய குழுவை அமைத்தார். முதல் கச்சேரி 1946 செப்டம்பர் 15 அன்று குராய்டனில் நடந்தது.

நெருக்கடி

பீச்சம் 1961 மார்ச் 8 அன்று காலமானார். 1963-இல் இக்குழுவும் கலைஞர்களின் நிர்வாகத்துக்கு வந்தது. எந்த முறையைத் தவிர்க்கப் பீச்சம் இக்குழுவைத் தொடங்கினாரோ, அதே முறைதான் பின்னர் இதைக் காப்பாற்றியது. ராயல் பில்ஹார்மோனிக் சங்கத்தின் கச்சேரிகளும் கிளைண்ட்போர்ன் இசைநாடக விழா வாய்ப்பும் கைநழுவின. சங்கத்தின் உறவு முறிந்ததால் ‘ராயல்’ என்னும் பெயரும் பறிபோகும் நிலை ஏற்பட்டது. கலைஞர்கள் கலைந்து செல்லவில்லை. திரையரங்கு ஒன்றில் தாங்களே கச்சேரிகளை நடத்தினர். 1966-இல் அரசி இரண்டாம் எலிசபெத் அப்பட்டத்தைக் குழுவுக்கே வழங்கினார்.

ஏலமலைத் தொடர்பு

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர் பண்ணைப்புரம். 1943-இல் இங்குப் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் வளர்ந்தார். பாவலர் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார்.

அக்குழுவின் இசை கேள்வி ஞானத்தால் வளர்ந்தது. சிம்பொனியிலோ ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதி தனித்தனியே எழுதப்பட வேண்டும். இந்த எழுத்துமுறையை இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றார். எழுதிய இசைக்கு மொழியும் ஊரும் தடையில்லை. குறிப்பைப் படிக்கத் தெரிந்த எவரும் அதை இசைக்கலாம்.

1993-இல் அவருடைய சிம்பொனியை இக்குழு ஜான் ஸ்காட் நடத்த இலண்டனில் இசைத்தது. அப்பதிவு வெளியாகவில்லை. 2025 மார்ச் 8 அன்று, பீச்சமின் நினைவு நாளில், ‘வேலியண்ட்’ என்னும் அவருடைய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. இக்குழுவின் கிளையாக 1987-இல் உருவான ராயல் பில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ரா அதை இசைத்தது. 1993-இல் எழுதியதை மக்கள் கேட்க இயலாமற்போன இலண்டனிலேயே, 32 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய சிம்பொனியை மக்கள் நேரில் கேட்டனர்.