எம்.ஏ. இல்லாத ஆராய்ச்சி மாணவர்

கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றது நம் அங்கத்தினர்கள் அறிந்த கதை. அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்த மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை மற்றப் பாடங்களில் தவறி இழந்தவர் அவர். எஃப்.ஏ.வும் தேறவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கோ விதிப்படி எம்.ஏ. வேண்டும்.

1913 பிப்ரவரியில் சென்னை வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார்கள். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். 26-ஆம் தேதியே பல்கலைக்கழகப் பதிவாளருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். மார்ச் 19-இல் கணிதப் பாடக்குழு ஆமோதித்தது. ஏப்ரல் 7-இல் சிண்டிகேட் கூடியபோது அந்த எம்.ஏ. விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறதே என்ற வாதம் எழுந்தது. தடை நீங்கியது. மே 1 முதல் இரண்டாண்டுகளுக்குத் தொகை மஞ்சூராயிற்று. கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு, விதியை மீறாமல் விதியின் நோக்கத்தைக் காட்டிய அந்தச் சாதுர்யமும், இரண்டே மாத வேகமும் இன்றும் ஆச்சரியம்தான்.

மூன்று மாதத்துக்கொரு அறிக்கை தருவதே நிபந்தனை. ராமானுஜன் மூன்று அறிக்கைகள் தந்தார். 1914 மார்ச்சில், அதே பல்கலைக்கழகத்தின் ஆண்டுக்கு 250 பவுன் உதவியோடு கப்பலேறினார்.

1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சும் உதவிப் பணத்தை ஏழை, அநாதைச் சிறுவர்களின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் செலவிடும்படி அதில் கேட்டிருந்தார்.