பட்டியலின மாணவரும் சட்டக்கல்வியும்: தென்காசி, குற்றாலம் வட்டாரம்

குற்றால மலையில் பிறந்து கீழ்நோக்கி ஓடும் சிற்றாற்றின் கரையிலும், அதற்கு வடக்கே கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் என நீளும் கரிசலும் செம்மண்ணும் கலந்த கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாக வயல்வேலை செய்து வாழ்ந்த பட்டியலின மக்களின் பிள்ளைகள், சட்டம் பயின்று நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் நிலையை அடைந்த வரலாறு இக்கட்டுரையின் பொருளாகும். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் நாடாளுமன்றத் தொகுதியும், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் இம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை. எனவே சட்டம் இயற்றும் சபைகளுக்கு இவர்களுடைய பிரதிநிதிகள் பல காலமாகச் சென்று வருகின்றனர். ஆயினும் அச்சட்டத்தை எடுத்து வாதாடும் இடத்திற்கு இவர்கள் வந்து சேர்ந்தது நெடுங்காலம் கழித்தேயாகும்.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தென்பாண்டி நாட்டில் சட்டக் கல்லூரி எதுவும் இல்லாத அக்காலத்தில், முதலில் ஒரு பட்டம் பெற்று, அதன்பின் பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்கத் தக்க செல்வமுள்ள குடும்பங்களுக்கே வக்கீல் தொழில் எட்டியது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர் என்பதும், அத்தொழிலைப் பெரிதாக நாடாமல் கம்பனிலும் கலைகளிலும் மனத்தைச் செலுத்த அவரால் இயன்றது என்பதும், அக்காலத்துச் சட்டப் படிப்பு எத்தகைய வீடுகளில் குடியிருந்தது என்பதைக் காட்டும். பள்ளிக்கூடத்தின் வாசலும் ஊர்க் கிணறும் மறுக்கப்பட்ட சேரிப் பிள்ளைக்கு, சட்டம் என்பது தன்மேல் ஏவப்படும் ஒன்றாக இருந்ததேயன்றித் தான் கையில் எடுக்கும் கருவியாக இருக்கவில்லை.

இவ்வட்டாரத்திற்கே உரிய ஒரு விசேஷத்தை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். தென்காசி சென்னை மாகாணத்திலும், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாளில்தான் செங்கோட்டை தமிழகத்துடன் இணைந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பரில் வெளியாயிற்று. சென்னை மாகாணத்திலோ வக்கீல் அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோவிலில் 1939 ஜூலையில் ஆலயப் பிரவேசம் நடத்திய பின்னரே அதற்குரிய சட்டம் பிறந்தது. ஆகவே ஏறத்தாழ மூன்று ஆண்டுக்காலம், ஒரே இனத்தைச் சேர்ந்த உறவினர் இருவரில் எல்லைக்கு மேற்கே இருந்தவர் அரசாணையின் பலத்தால் கோவிலுக்குள் நின்றிருக்கலாம். கிழக்கே இருந்தவர் வெளியே நின்றிருப்பார். ஓர் ஏட்டில் எழுதப்பட்ட சில வரிகள் மனிதனுடைய நிலையை எவ்வளவு தூரம் மாற்ற வல்லவை என்பதை இந்நாட்டில் வேறெந்த ஊராரும் இவ்வளவு அருகில் கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் சட்டத் துறையில் புகுந்ததற்கு முற்பட்ட சான்றுகள் சென்னையிலேயே கிடைக்கின்றன. சட்டக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய ராவ் பகதூர் என். சிவராஜ், 1942இல் அகில இந்திய பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் தலைவராகவும், 1945இல் சென்னை மேயராகவும் விளங்கினார். சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்ற ஏ. வரதராஜன் 1973இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். பட்டியலினத்திலிருந்து அவ்வாசனத்தை அடைந்தவர்களுள் அவரே முதல்வர். இவர்களுக்கெல்லாம் ஆதர்சமாக நின்றவர், லண்டன் கிரேஸ் இன்னில் பயின்று, 1935இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்த டாக்டர் அம்பேத்கர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

தனிமனிதர் சிலருக்குத் திறந்த கதவு கூட்டமாக வருவோர்க்கும் திறந்தது இடஒதுக்கீட்டினாலேயாம். அவ்வரலாற்றில் செங்கோட்டைக்கு ஓர் இடம் உண்டு. அவ்வூரில் 1905இல் எளிய குடும்பத்தில் பிறந்து, கல்வியின் பலத்தால் மத்திய அரசில் உயர் உத்தியோகம் வகித்த ஏ. என். சட்டநாதன், தமிழகத்தின் முதல் பிற்படுத்தப்பட்டோர் குழுவுக்குத் தலைவராக 1969இல் நியமிக்கப்பட்டார். அக்குழு ஆராய்ந்தது பிற்படுத்தப்பட்டோர் நிலையையே எனினும், அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் அரசு செய்த மாற்றத்தில் பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்குமான பங்கு 16 விழுக்காட்டிலிருந்து 18ஆக உயர்ந்தது. பின்னர்ப் பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு தனியே வகுக்கப்பட்டது. 2009இல் பட்டியலினப் பங்கினுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடாக அளிக்கப்பட்டது.

இருப்பினும், கல்லூரி தொலைவில் இருக்குமளவும் ஒதுக்கீடு பாதிப் பயனே தரும். மதுரையில் 1974இலும், திருச்சியிலும் கோவையிலும் 1979இலும் அரசு சட்டக் கல்லூரிகள் தோன்றிய பின்னரும் தென்காசிப் பிள்ளை வீட்டை விட்டுத் தங்கித்தான் படிக்கவேண்டியிருந்தது. 1996இல் திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி திறக்கப்பட்டதே இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. விடுதியில் இடம் கிடைக்காதவனாலும், மாலையில் வீட்டுக்குத் திரும்பி மாடு கன்றைப் பார்க்கவேண்டியவனாலும் அதன்பின் சட்டம் படிக்க முடிந்தது. செங்கோட்டையிலிருந்து புறப்படும் காலை வண்டி தென்காசி, பாவூர்சத்திரம், கீழக்கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என நின்று நின்று நெல்லை செல்லும். சீசன் சீட்டு வாங்கிக்கொண்டு அவ்வண்டியிலேயே சாட்சியச் சட்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தையும் உருப்போட்டவர் பலர். பெண்களுக்கு, குற்றாலநாதசுவாமி கோவில் தேவஸ்தானத்தின் சார்பில் 1964இல் குற்றாலத்தில் நிறுவப்பட்ட பராசக்தி மகளிர் கல்லூரி முதற்படியாயிற்று. அங்குப் பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பும் உண்டு. சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் ஏந்திப் பெற்றோரும் பிள்ளைகளும் அலையும் காலமும், குற்றாலத்தில் சாரல் விழும் காலமும் பெரும்பாலும் ஒன்றேயாகும்.

சான்றிதழ் என்னும்போது இவ்வட்டாரத்தின் வேறொரு சிக்கலும் நினைவுக்கு வருகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர்ந்த சமயத்தைச் சேர்ந்தவர் பட்டியலினத்தாராகக் கருதப்படுவதில்லை. நெல்லைச் சீமையில் கிறித்துவம் தழுவிய பட்டியலினக் குடும்பங்கள் மிகுதி. 1981 பிப்ரவரியில் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் பல குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியது நாடெங்கும் பேசப்பட்டது. ஒரே தெருவில், ஒரே பாட்டனுக்குப் பேரனாகப் பிறந்த இருவருள் ஒருவன் பட்டியலினப் பங்கிலும் மற்றவன் பிற்படுத்தப்பட்டோர் பங்கிலும் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நேர்வது இங்கே புதுமையன்று. தெருவும் இழிவும் மாறாதிருக்கச் சான்றிதழ் மட்டும் மாறுவதை நியாயமென்று கொள்ளுதல் கடினம்.

1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இம்மாணவர்களுடைய படிப்புக்குப் புதியதொரு பயனை அளித்தது. அச்சட்டத்தின்கீழ்த் தமிழகத்தில் முதலில் அமைந்த சிறப்பு நீதிமன்றங்கள் நான்கனுள் திருநெல்வேலி நீதிமன்றமும் ஒன்று. 1990களில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் மூண்டதையும், 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக நெல்லையில் நடந்த பேரணியில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததையும் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, முதல் தகவல் அறிக்கையைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவன் ஊரில் இருப்பது சோற்றைப் போலவே அவசியமாயிற்று. 2004 ஜூலையில் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை தொடங்கியது இம்மாணவர்களின் வழக்குரைக்கும் ஆசைக்கு மேலும் வழி செய்தது.

கல்லூரி வளாகத்து நிகழ்ச்சிகளில், ஏப்ரல் 14ஆம் நாள் அம்பேத்கர் பிறந்தநாளே இம்மாணவர்களுக்குப் பெருவிழா. 2022 முதல் தமிழக அரசு அதனைச் சமத்துவ நாளாக அனுசரித்து வருகிறது. டிசம்பர் 6இல் நினைவேந்தலும், நவம்பர் 26இல் அரசியலமைப்பு நாளும், நவம்பர் 9இல் சட்டப்பணிகள் நாளும், அதையொட்டிக் கிராமங்களில் சட்ட உதவி முகாம்களும் நடைபெறும். குற்றாலத்தில் ஆண்டுதோறும் திராவிடர் கழகம் நடத்திவரும் பெரியாரியல் பயிற்சி முகாம், வகுப்பறையில் கிடைக்காத சமூக வரலாற்றை மாணவர்க்குப் போதிக்கிறது. ஆனால் தொழிலுக்கு நேரே உதவுவது மாதிரி நீதிமன்றப் போட்டியே. எழுந்து நின்று, ‘கனம் நீதிபதி அவர்களே’ என்று தொடங்கி, இடைமறித்துக் கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் விடை சொல்லும் பழக்கம், வீட்டில் வக்கீல் இல்லாத பிள்ளைக்கு அங்கன்றி வேறெங்கும் வாய்ப்பதில்லை. வளாக வாழ்க்கையின் கசப்பான பக்கத்தையும் மறைத்தலாகாது. 2008 நவம்பர் 12இல் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில், ஒரு விழாச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடுபட்டதை ஒட்டி மூண்ட பகை, சாதிவாரியாகப் பிரிந்த மாணவர் ஒருவரையொருவர் தாக்குவதில் முடிந்தது. காவலர் வாயிலில் நின்று பார்த்திருந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. சட்டத்தைப் பயிலும் இடமே சட்டத்தை இழந்த நாள் அது.

இவ்விடர்களுக்கிடையே சட்டம் பயில்வோர்க்கு வேண்டிய ஆதரவு, அமெரிக்காவில் கறுப்பின மாணவர்க்கு வேறு வடிவில் எழுந்தது. ஹவார்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி 1869இல் தொடங்கியது. அங்கு சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனிடம் பயின்ற துர்குட் மார்ஷல், பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு வழக்கை நடத்தி, 1967இல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். 1968இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஏ. ஜே. கூப்பர் தொடங்கிய கறுப்பினச் சட்ட மாணவர் சங்கம் நாடெங்கும் கிளைவிட்டு, மாதிரி நீதிமன்றப் போட்டிகளையும், வேலை தரும் நிறுவனங்களை மாணவரோடு சந்திக்கவைக்கும் கூட்டங்களையும் நடத்திவருகிறது. நம் நாட்டில் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய இடியா அமைப்பு, எளிய பிள்ளைகளைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றுகிறது. ஆனால் படித்து முடித்த பட்டியலின மாணவனையும் மூத்த வக்கீலையும் முறையாக ஒரு மேசையில் அமர்த்தும் ஏற்பாடு நம்மிடம் வேரூன்றவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

ஏனெனில் தொழிலின் உண்மையான வாசல் சீனியர் அலுவலகம். புதிதாகப் பதிவு செய்த ஜூனியர் காலையில் கட்டுகளைப் பிரித்து, வாய்தா நாட்களை டைரியில் குறித்து, வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, கறுப்புக் கோட்டுடன் நீதிமன்றம் நீதிமன்றமாக ஓடி, இரவில் மனு எழுதக் கற்கிறார். முதல் சில ஆண்டுகள் வருமானம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. வீட்டில் நிலமும், உறவில் வக்கீலும் உள்ளவர் இக்காலத்தைத் தாங்குவர். கூலிக்காரர் மகன் தாங்கமாட்டாமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். இதனையுணர்ந்து தமிழக அரசு 2020இல் இளம் வழக்கறிஞர்க்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. உரிமையியல் நீதிபதித் தேர்வும் அரசு உதவி வழக்கறிஞர் தேர்வும் ஒதுக்கீட்டுடன் நடப்பதால் இவ்வட்டார மாணவர்க்குப் பெரிதும் நம்பிக்கையானவை. ஆயின், நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் பயிற்சி வேண்டும் என்னும் விதியை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மீட்டது. அனுபவமுள்ள நீதிபதி வேண்டும் என்ற நோக்கம் நன்றே எனினும், அந்த மூன்றாண்டுப் பட்டினியும் அதனால் கட்டாயமாயிற்று.

2024 ஜூலை 30இல் வந்த தீர்ப்பு மற்றொரு சுமையை இறக்கியது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநிலப் பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வசூலித்துவந்ததை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று கூறி, வழக்கறிஞர் சட்டம் வகுத்தபடி பொதுப் பிரிவினர் 750 ரூபாயும், பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் 125 ரூபாயும் செலுத்தினால் போதும் என்று தீர்த்தது. இனி எஞ்சுவது அரசோ நீதிமன்றமோ ஆணையிட்டுத் தரமுடியாத ஒன்று. தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் மூத்த வழக்கறிஞர் ஒவ்வொருவரும், முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வரும் பட்டியலினப் பிள்ளை ஒருவரையேனும், மகனாயினும் மகளாயினும், பேருந்துச் செலவும் மதியச் சோறும் தந்து தம் அலுவலகத்தில் ஜூனியராக அமர்த்திக்கொள்வாராக.