புல்லாற்றுக்கு எல்லை வகுத்த வரலாறு

தேசியப் பூங்கா ஒன்றை அமைக்க விரும்பும் அரசு, முதலில் தேசப்படத்தை விரித்து அதில் எல்லைக்கோடு வரைகின்றது. மலைக்கும் காட்டுக்கும் அவ்வாறு கோடு வரைதல் ஓரளவு எளிது. சதுப்பு நிலத்துக்கோ அது எளிதன்று. அந்நிலத்தை வாழ்விக்கும் நீர், கோட்டுக்கு வெளியே நெடுந்தொலைவிலிருந்து வருகின்றது. நிலத்தைக் காத்து நீரைக் கைவிட்டால் நேர்வது யாது என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள எவர்கிளேட்ஸ் பூங்காவின் வரலாறு தக்க சான்றாகும்.

புளோரிடா மாநிலத்தின் நடுவே ஒக்கிச்சோபி என்னும் பேரேரி உளது. முற்காலத்தில் மாரி மிகுந்தபோது அவ்வேரி தென்கரை வழிந்து, ஏறக்குறைய 100 மைல் தூரம் கடலை நோக்கிச் சென்றது. அந்நீர்ப் பரப்பின் அகலம் சில இடங்களில் 60 மைல் வரையிருந்தது. ஆழமோ பெரும்பாலும் முழங்காலளவே. நிலம் மைலுக்கு இரண்டு அங்குலமளவே சரிவதால், நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. கோரைப்புல் வெளியொன்று வெயிலில் அசையாது கிடப்பதாகவே தோன்றும். மார்ஜரி ஸ்ரோன்மன் டக்ளஸ் என்னும் அம்மையார் 1947இல் எழுதிய நூலில் இதனைப் புல்லாறு என அழைத்த பின்னரே, அது வெறுஞ் சேற்று நிலமன்று, ஓர் ஆறு என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

அதற்கு முன்னரே ஆற்றை அடக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. வேளாண்மைக்காக வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. 1928ஆம் ஆண்டுப் புயலில் ஏரி கரைபுரண்டு, 2,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரின் பின் ஏரியைச் சுற்றிப் பேரணை எழுந்தது. மக்களைக் காக்க எழுந்த அவ்வணையைக் குறைகூற எவருமிலர். எனினும் புல்லாற்றின் ஊற்றுக்கண் அதனால் அடைபட்டது. அதே 1928இல் மியாமி நகரையும் மேற்குக் கரையையும் இணைக்கும் ரமியாமி வீதியும் திறக்கப்பட்டது. கிழக்கு மேற்காகச் சென்ற அவ்வீதி, வடக்கிலிருந்து தெற்கே வரும் நீருக்குக் குறுக்கே ஓர் அணைபோல் நின்றது.

இந்நிலையிலேயே ஏர்னெஸ்ற் கோ என்னும் நிலவனப்புக் கலைஞர், இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென ஓயாது உழைத்தார். அவர் வேண்டிய பரப்பு ஏறக்குறைய 20 இலட்சம் ஏக்கர். காங்கிரஸ் சபை 1934இல் பூங்காவுக்கு இசைவளித்தது. ஆனால், நிலவுடைமையாளரும் வேட்டைக்காரரும் எண்ணெய் தேட விரும்பியோரும் எதிர்த்தமையால் எல்லை சுருங்கியது. 1947 டிசம்பர் 6ஆம் நாள் சனாதிபதி ரூமன் பூங்காவைத் திறந்து வைத்தபோது, அதன் பரப்பு 4,60,000 ஏக்கரளவே. தாம் கேட்டதில் நான்கிலொரு பங்குதானும் கிடைக்காமையால், பூங்காவின் தந்தை எனப் போற்றப்பட்ட கோ மனமகிழ்வின்றியே அவ்விழாவில் அமர்ந்திருந்தார்.

பின்னர் பூங்காவின் பரப்பு பெருகியது. எனினும் ஷார்க் ஆற்றுத் தாழ்நிலத்தின் வடகிழக்குப் பகுதி நெடுங்காலம் வெளியிலேயே இருந்தது. பண்டைக் காலத்தில் தெற்கே சென்ற நீரின் பெரும்பங்கு அத்தாழ்நிலத்தின் வழியாகவே பாய்ந்தது. பூங்காவின் உடல் உள்ளே, அதன் முதன்மை நீர்வழி வெளியே என்னும் நிலை உண்டாயிற்று.

1947இல் தென் புளோரிடாவைப் பெருவெள்ளம் வருத்தவே, அடுத்த ஆண்டில் அரசு பெரியதொரு வெள்ளத்தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அணைகளும் வாய்க்கால்களும் நீர்த்தேக்கப் பரப்புகளும் எழுந்தன. 1960களின் முற்பகுதியில், இராணுவப் பொறியியலாளர் அமைத்த நான்கு மதகுகளின் வழியே பூங்காவுக்கு நீர் வந்தது. அவையும் தாழ்நிலத்தின் மேற்குப்புறத்திலேயே அமைந்தன. வறட்சி நேர்ந்தபோது மதகுகள் மூடப்பட்டு, பூங்கா வாடியது. ஆகவே 1970இல், ஆண்டுதோறும் குறைந்தது 3,15,000 ஏக்கரடி நீர் பூங்காவுக்கு விடப்பட வேண்டுமெனக் காங்கிரஸ் சபை விதித்தது.

அளவு கிடைத்தது, காலமும் இடமும் கிடைக்கவில்லை. சதுப்பு நிலத்துக்கு இவ்விரண்டும் இன்றியமையாதன. மர நாரை வறண்ட காலத்திலேயே குஞ்சு வளர்க்கும். நீர் வற்ற வற்ற மீன்கள் குட்டைகளில் நெருங்கும்; நாரை தன் அலகை நீருள் துழாவி, தட்டுப்படும் மீனைக் கவ்வும். அவ்வேளையில் மதகைத் திறந்துவிட்டால் மீன்கள் சிதறிப்போக, குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மடியும். அலிகேற்றர் எனப்படும் முதலையோ கோடைத் தொடக்கத்து நீர்மட்டத்தைக் கொண்டு தன் கூட்டின் உயரத்தை அமைக்கும். பின்னர் திடீரெனப் பெருகும் மதகு நீர் முட்டைகளை மூழ்கடித்துவிடும். இவ்வாறு நீர்வழி குலைந்தமையால், 1930களில் எவர்கிளேட்சில் கூடுகட்டிய நீர்ப்பறவைகளுள் பத்தில் ஒன்பது பங்கு 1980களில் அற்றுப்போயிருந்தன.

இதனை ஆராய்ந்தோர் கண்ட முடிவு ஒன்றே: நீரை அதன் பழைய வழியில் விடவேண்டும், அவ்வழி பூங்காவுக்கு உரியதாதல் வேண்டும். 1989 டிசம்பர் 13ஆம் நாள் சனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஒப்பமிட்ட சட்டம் இதனையே செய்தது. வடகிழக்குத் தாழ்நிலமும் அதனை அடுத்த நிலமுமாக ஏறக்குறைய 1,07,600 ஏக்கர் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. அதனினும் சிறந்த கூறு ஒன்று அச்சட்டத்தில் உண்டு. நிலத்தை வாங்குவதோடு நில்லாது, இயன்றவரை இயற்கையான நீரோட்டத்தை மீட்கும் வகையில் அணைகளையும் மதகுகளையும் மாற்றியமைக்குமாறு பொறியியலாளருக்கு அது பணித்தது.

சட்டம் இயற்றிய விரைவிற் பணி நடக்கவில்லை. தாழ்நிலத்தின் கிழக்கு விளிம்பில் எட்டரைச் சதுர மைற் பரப்பில் மக்கள் குடியிருந்தனர். மலிவான விலைக்கு நிலம் வாங்கி வீடும் தோட்டமும் அமைத்தவர்கள் அவர்கள். பறவைக்காக விடப்படும் நீர் தம் முற்றத்தில் ஏறுமோ என அவர்கள் அஞ்சியதில் நியாயமுண்டு. நீரால் இடர் நேருமாயின் அவர்களுக்குக் காப்பு அமைக்க வேண்டுமெனச் சட்டமே கூறியிருந்தது. முழுப் பகுதியையும் விலைக்கு வாங்குவதா, அணை கட்டிக் காப்பதா என்னும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. முடிவில் ஒரு பகுதி நிலம் வாங்கப்பட்டு, எஞ்சிய வீடுகளைக் காக்க அணையும் வாய்க்காலும் அமைந்தன.

வீதியும் தடையாகவே நின்றது. அருகிலுள்ள வாய்க்காலின் நீர் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் வீதியின் அடித்தளம் சிதையும். ஆதலால் வீதியின் ஒரு மைல் நீளம் பாலமாக உயர்த்தப்பட்டு, 2013இல் திறக்கப்பட்டது. பின்னர் இரண்டு மைலுக்கு மேலும் பாலம் நீண்டது. நீர் அதன் கீழே பழைய வழியை நாடிச் செல்லலாயிற்று. 2017இல் மழை மிகுந்து, அடுத்த ஆண்டில் தென் புளோரிடாவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைக் கூடுகள் காணப்பட்டன. அத்துணைக் கூடுகள் 1940களின் பின் காணப்பட்டதில்லை. அது வானம் தந்த கொடையேயன்றிப் பாலத்தின் பயனன்று. ஆயினும், நீர் உரிய காலத்தில் வந்தால் நிலம் இன்னும் உயிர்தர வல்லது என்பது அதனால் உறுதியாயிற்று.

பணி முற்றுப்பெற்றதெனக் கூறுதற்கில்லை. 1979இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பெற்ற இப்பூங்கா, 1993 முதல் 2007 வரை ஆபத்துக்குள்ளான தலங்களின் பட்டியலில் இருந்தது. 2010இல் மீண்டும் அப்பட்டியலிற் சேர்ந்தது.

1934இல் கோ வேண்டிய எல்லையை அன்றே வகுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு சிறிது. பின்வந்தோர் அந்நிலத்தில் ஒரு கூற்றைப் பெறுதற்கே அணையையும் வீதியையும் மாற்றவும், மக்கள் குடியிருந்த மனைகளை விலைக்கு வாங்கவும் நேர்ந்தது. சதுப்பு நிலத்துக்கு வேலி கோலுவோர், அதற்கு நீர் வரும் வழியை முதலில் அறிந்து, அதனையும் வேலிக்குள் அடக்குதல் வேண்டும். பிற்பட்டுச் செய்யினும் அது செய்யத் தக்கதே. முற்படச் செய்தலே அறிவுடைமை.